ஆணியில் தொங்கிய ஏப்ரன்

என்னவளுக்கு,

ஜெர்மனியில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் நலமா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

நம்மூர்ப் பெண்கள் சங்கத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். சிரிக்காதே. வீடு எரிந்துபோன குடும்பத்துக்காக ஞாயிறன்று பியரோகி விற்கிறோம். மாவில் உருளைக்கிழங்கு வைத்து மடிக்க ஆள் போதவில்லை. நான் மடித்ததெல்லாம் கொதிநீரில் பிளந்துகொண்டது.

"உங்க வாய் மாதிரியே மூட மாட்டேங்குதே!" என்றாள் தலைவி ஸ்டெஃபானியா.

என் சட்டையெல்லாம் மாவு. உன் ஏப்ரனை எடுத்து நீட்டினாள். நீ போனதிலிருந்து மூன்று வருஷமாகச் சங்கத்துச் சமையலறையில் அதே ஆணியில்தான் தொங்கியது.

"வேண்டாம்மா, அவ வந்து கேட்டா?"

"வந்து கேக்கட்டுமே! அதுக்குத்தாண்ணே கட்டிக்கச் சொல்றேன்."

அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்