ரூபி அக்காவின் எடை

என் செல்ல ரூபி அக்கா,

இந்த முறை உன் கல்லறைக்குப் பூ வாங்கி வரவில்லை, ஒரு செய்திதான் கொண்டு வந்திருக்கிறேன்.

தாம்பரம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் கேக்கின் எடையைச் சொல்லும் போட்டி வைப்பார்களே, அதை நீ மறந்திருப்பாயா? உன் புருஷன், நம் தாமஸ் அத்தான், உன் கையைப் பிடித்து இழுத்து, "கேக்கு கெடக்கட்டும், இவ எத்தனை பவுண்டுன்னு சொல்லுங்க பாக்கலாம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நீ சர்ச்சுக்கு வரவே இல்லை.

வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போவாய். கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் உனக்கு மூச்சு வாங்கும். சர்க்கரை நோய் வேறு. எடை மட்டும் இறங்கவில்லை. "ஒளிச்சு வெச்சுத் தின்னா" என்று உன்னை அடக்கம் செய்த அன்றுகூடச் சொன்னார், அக்கா.

நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அமெரிக்காவில் படித்த சர்ஜன் ஒருவர் வந்திருக்கிறார். எடை குறைய அங்கே செய்யும் ஆபரேஷனை இங்கேயும் செய்யப்போகிறாராம். சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால், சாப்பிடுவதில் பாதி உடம்பில் ஒட்டாதாம்.

"யாருக்குச் செய்வீங்க டாக்டர்?" என்று கேட்டேன். அழகுக்காகச் செய்யமாட்டார்களாம். இருக்க வேண்டிய எடையைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் பத்தியம் இருந்தும் இறங்கியிருக்கக் கூடாது. சர்க்கரையோ மூச்சுத்திணறலோ உயிருக்கே வினையாகியிருக்க வேண்டும். ஆபரேஷனிலேயே சாகலாம், பிழைத்தாலும் பேதி, ஈரல் கோளாறு என்று ஆயுசுக்கும் டாக்டரிடம் போய்வர வேண்டும். அவர் சொல்லச் சொல்ல உன் முகம்தான் தெரிந்தது.

"அப்ப இது பெருந்தீனி இல்லையா டாக்டர்?"

"நோய், சிஸ்டர். சில உடம்பு பட்டினி போட்டாலும் விடாது."

இதைச் சொல்ல அன்றைக்கு ஒருவர் இருந்திருந்தால்? அந்த ஆபரேஷன் மேஜையில் படுக்க நீ சம்மதித்திருப்பாயா?

போன வாரம் அத்தானே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். இப்போது சபைச் செயலாளர். தொந்தி பேன்ட்டுக்குள் அடங்கவில்லை. இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறாராம். "அந்த ஆபரேஷனுக்கு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்மா. என்னால வாயக் கட்ட முடியல."

வரிசையில் நம் சர்ச் ஆட்களும் நின்றார்கள். அவரை எடை மெஷினில் ஏற்றி, எடையை உரக்கப் படித்தேன்.

"மெதுவா சொல்லும்மா, ஜனங்க கேக்கறாங்க."

"அன்னிக்கு அக்காவ நிறுத்தி வெச்சு ஊரையே கேட்டீங்களே அத்தான்? இந்த ஆபரேஷன் நோயாளிங்களுக்கு. பட்டினி கெடந்த அக்காவுக்குத் தகுதி இருந்துது. உங்களுக்கு இல்ல. எறங்குங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, அக்கா.

இத்தோடு விடுவேனா? வருகிற பண்டிகையில் அந்தக் கேக் எடைப் போட்டியை நடத்தும் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். பரிசு கொடுக்கச் செயலாளர்தான் வரவேண்டும். மைக் என் கையில் இருக்கும். நீ தின்று சாகவில்லை, நோயோடு பட்டினி கிடந்து செத்தாய் என்பதை அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்வேன். அதன்பிறகு அவர் கேக்கை வெட்டட்டும்.

உனக்குப் பின்னால் பிறந்து, உனக்காக நிற்கும்
தங்கச்சி கிரேஸ்