பென்சிலால் நிரப்பிய படிவம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

பொம்முவுக்கு நாலு வயதாகிவிட்டதால், பிள்ளைகளின் மனமும் நடத்தையும் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற படிவத்தைப் பள்ளியில் மறுபடி கொடுத்தார்கள். போன வருடம் நீ மொழிபெயர்ப்பாளராக இருக்கும் கிளினிக்கில், ஆங்கிலத் தாளைப் பார்த்து நீ தமிழில் கேட்க, நான் சொல்ல, நீ பென்சிலால் நிரப்பினாயே, அதே முப்பத்தைந்து கேள்விகள். இந்த முறை தமிழிலேயே இருந்தது. நானே நிரப்பினேன். கூட்டினால் நாற்பத்தொன்று வந்தது. இருபத்துநாலைத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டுமாம். போன வருடம் பதினொன்றுதான்.

"ஒரே வருஷத்துல இவ்வளவு மாறாதேம்மா" என்று தமிழ் தெரிந்த டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். கையைக் கடிப்பது, சுவரில் முட்டிக்கொள்வது எல்லாம் அப்போதே சொன்னேனே அக்கா? எனக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டதா?

உன் தங்கச்சி

மார்ச் 11

என் கண்ணு,

உன் ஞாபகம் சரி. தப்பு என் கையில்.

தனியாகத் தூங்குவாளா, தானே சாப்பிடுவாளா என்று கேட்கிறது அந்தத் தாள். நம் வீட்டில் எந்தப் பிள்ளை அம்மாவை விட்டுத் தூங்கியது? ஊட்டிவிடுவதைக்கூட இந்த நாட்டில் குறையாக எண்ணுகிறார்களே என்று, நீ போன பிறகு அந்த இரண்டையும் அழித்து மாற்றினேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ரப்பரைக் கீழே வைக்கவில்லை. கடிப்பதற்கு நீ சொன்ன 'அடிக்கடி'யை 'எப்போதாவது' ஆக்கினேன். முட்டிக்கொள்வதை 'இல்லை' ஆக்கினேன். இன்னும் எத்தனையோ.

குழந்தைக்காகச் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தாள்களின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பவள் கிளினிக்கில் என் பக்கத்து மேஜைக்காரி. "உங்க வீட்டுப் புள்ளையா?" என்று கேட்டுவிடுவாளோ என்று கூசினேன், அவ்வளவுதான். பதினாறு வருடமாக ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தவள் நான். தூ! எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்பேன்?

டீச்சரிடமும் டாக்டரிடமும் நானே வந்து சொல்கிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

நீ வர வேண்டாம். டாக்டரிடம் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். மொழிபெயர்க்க முதலில் உன்னைத்தான் போட்டிருந்தார்கள். வேறு ஆள் வேண்டும் என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து உன் கடிதத்தை வரி விடாமல் டாக்டருக்குச் சொன்னாள். போன வருடமே பொம்முவுக்குப் பயிற்சி தொடங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் எனக்கு மாற்றாமல் சொன்னாள். திங்கட்கிழமை தொடங்குகிறார்கள்.

திட்டச் சொன்னாய், எனக்குத் திட்ட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கிளம்பி வந்துவிடாதே. வரலாம் என்றால் நானே எழுதுகிறேன்.

பொம்மு பெரியம்மாவைத் தேடுகிறாளா என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அவள் யாரையும் தேடுவதில்லை அக்கா. படிவத்தில் அதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. போன வருடத்துத் தாளை எடுத்துக் காட்டினார்கள். 'எப்போதும் தேடுவாள்' என்று நீ எழுதியிருக்கிறாய்.

தங்கச்சி