தொட்டியில் தானாக முளைத்தது

மார்ச் 3
அவருக்குத் தண்ணீர் 950 மில்லி. உப்பு இரண்டு கிராம். சிறுநீர் 800. சாமிக்கு ஐந்து பத்துமணிப்பூ. வெயில் ஏறினால்தான் அது கண் திறக்கும். சாமியும் அதுவரை காத்திருக்கிறார்.

மாடியில் அந்தப் பூ இருக்கும் தொட்டியிலேயே அதன் பங்காளி பருப்புக்கீரையும் மண்டிக் கிடக்கிறது. நான் விதைக்கவில்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று புத்தகத்தில் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் தொடக்கூடாது என்று டாக்டரம்மா தந்த பட்டியலில் இந்தப் பெயர் இல்லை. மசித்துக் கொடுத்தேன். சாமி தந்தது.

மார்ச் 17
ரத்தத்தில் கிரியாட்டினின் 3.1லிருந்து 4.4. டாக்டரம்மா என் நோட்டை வரி வரியாகப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு. புதுசா எதுவும் குடுக்கலையே?" இல்லை என்றேன். இப்படியே ஏறினால் டயாலிசிஸ்தானாம்.

வரும் வழியில் அவர் சிரிக்கிறார். "உன் நோட்டு பாஸ். நான்தான் ஃபெயில்."

மார்ச் 18
பத்து மணிக்குப் பூப்பறிக்கப் போனேன். கை தன் பாட்டுக்குக் கீரையைக் கிள்ளியது. கிள்ளின கை அப்படியே நின்றுவிட்டது — இதை எழுதினேனா?

பதினைந்து நாளையும் புரட்டினேன். ஒரு வரி இல்லை. கடையில் வாங்கி எடை பார்த்ததெல்லாம் இருக்கிறது. தானாக முளைத்ததை எழுதத் தோன்றவே இல்லை. அந்த அம்மா முகத்தைப் பார்த்து இல்லேன்னு சொல்லிட்டு வந்திருக்கேனே.

மார்ச் 19
சொன்னால் இனி என் நோட்டை யார் நம்புவார்? சொல்லாவிட்டால் — ஊசி ஏறப்போவது அவர் கையில்.

சாமிக்குப் பூ வைக்கவில்லை. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 20
விட்டுப்போன நாட்களில் சிவப்பு மையால் எழுதினேன்: பருப்புக்கீரை, ஒரு கிண்ணம். பதினோரு தடவை. முதலில் அவரிடம் நீட்டினேன். சிவப்பு வரிகளை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, "ரெண்டு நாள் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேனே, அதையும் எழுது" என்றார். எழுதினேன்.

நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பட்டியல்ல இல்லன்னா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லைம்மா. இதுல பொட்டாசியமும் ஆக்சலேட்டும் அதிகம். இன்னையோட நிறுத்துங்க. பத்து நாள் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

மார்ச் 24
வேரோடு பிடுங்கியும் துளிர்க்கிறது. பிடுங்குகிறேன்.

மார்ச் 30
தண்ணீர் 950. உப்பு இரண்டு கிராம். தொட்டியில் களைந்தது இரண்டு பிடி. கிரியாட்டினின் 3.5. டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாமாம்.

நான் போவதற்குள் அவரே மாடியேறிப் பூப்பறித்து வந்துவிட்டார். சாமி படத்தின் முன் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். "ஏழு. எழுதிக்கோ."