ரீலின் கைப்பிடி எந்தப் பக்கம்

திங்கட்கிழமை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீ நன்றாக இருப்பதாக உன் அக்கா சொல்கிறாள். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

போனை நீ எடுப்பதில்லை. பத்துத் தடவை அடித்தால் ஒரு தடவை உன் அக்கா எடுத்து, நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். நாலு மாதமாகவா ஒருத்தி குளிப்பாள்? நம் பெண்ணிடம் புலம்பினேன். "லெட்டர் போடுங்கப்பா, எழுதறப்ப உங்களுக்குக் கத்த வராது" என்றாள். பெற்ற பெண்ணுக்கே என்னைப் பற்றி அப்படி ஓர் எண்ணம். சரி, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கிறது. சமையலறைக் குழாய் மட்டும் சொட்டுகிறது. ஆலையில் நானூறு தையல் மெஷினைக் கட்டி மேய்க்கிறவனுக்கு வீட்டில் ஒரு வாஷர் மாற்றத் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியும். அந்தச் சத்தமாவது வீட்டில் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஏரி விஷயத்துக்கு வருகிறேன். அவ்வளவு பெரிய பாஸ் மீன் நம் ஏரியில் இருபது வருடத்தில் யாருக்கும் மாட்டியதில்லை. நாணல் ஓரமாக நீ தூண்டிலை வீசினாய். இரை தண்ணீரைத் தொட்டு முழுதாக இறங்கக்கூட இல்லை, அது வாயைத் திறந்து வாங்கிவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன். நீ சுதாரிப்பதற்குள் துப்பிவிட்டுப் போயேபோய்விட்டது. கோல் உன் கையிலிருந்து நழுவிப் படகு விளிம்பில் விழுந்து நுனி ஒடிந்தது. அந்த ஆத்திரத்தில் நான் ஏதோ சொல்லிவிட்டேன். படகில் கூட வந்த ஆலைக் கட்டிங் மாஸ்டரும் ஸ்டோர்காரரும் சிரித்தார்கள். அவர்கள் எதற்குத்தான் சிரிக்கமாட்டார்கள்? நீ இரைப்பெட்டியை மூடிவிட்டு "சரி" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அந்த வெள்ளிக்கிழமையே பெட்டி படுக்கையோடு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

நான் உட்கார்ந்து நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். தப்பு உன்மேல் இல்லை. தூண்டில் நரம்பின்மேல்தான். போன வருடம் சுற்றிய நைலான் நரம்பு, வெயிலில் கிடந்து சுருள் சுருளாகிவிட்டது. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிறது. மீன் கவ்வியது கைக்குத் தெரிவதற்குள் மீன் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் உனக்குப் புதிதாக ஒரு செட் வாங்கப் போகிறேன். நரம்பு சுற்றுகிற ரீல் நம்முடைய பழையது போலவே. நரம்பு இந்தத் தடவை பின்னல் நரம்பு. அது நீளாது, நாணலில் சிக்கினாலும் சட்டென்று அறுந்துவிடாது, மீன் உரசினாலே விரலில் தெரியும். தெளிந்த தண்ணீரில் மட்டும் மீன் கண்ணுக்குப் பட்டுவிடும் என்கிறார்கள். அதற்கு நுனியில் இரண்டு முழம் கண்ணாடி நரம்பு முடிந்துகொள்ளலாம். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்க வேண்டும் என்று நீ சொல்வது ஞாபகம் இருக்கிறது. கோல் ஆறரை அடி, நுனிப் பக்கம் மட்டும் வளைகிற மாதிரி. இரையில்தான் எனக்குக் குழப்பம். கத்தரிப்பூ நிறத்து ரப்பர் புழுவா, தகடு சுழல்கிற இரையா, பாசிமேல் தத்திப் போகும் ரப்பர் தவளையா? தண்ணீரைப் பார்த்ததும் நீ பெட்டியில் கைவிட்டு ஒன்றை எடுப்பாய். நான் அதே இரையைத் தேடி என் பெட்டியைக் குடைவேன். எது என்று ஒரு வரி எழுது.

சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். நீ ஞாயிறு காலை வண்டிக்கு வந்து சேர். கோபித்துக்கொண்டது போதும். நிலையத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ளவளுக்கு,

காலை வண்டி வந்தது. நீ வரவில்லை. அடுத்த வண்டியையும் பார்த்துவிடலாம் என்று நின்றேன். அது சரக்கு வண்டி.

நேற்றுக் கடையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏரிச் சாலை முனையில் இருக்கிற தூண்டில் கடைதான். இப்போது ஓர் அம்மா நடத்துகிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, இடுக்கியால் தூண்டில் முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே கேள்வி கேட்டார். தண்ணீர் கலங்கலா தெளிவா, பாசி உண்டா, படகிலிருந்து வீசுகிறவரா கரையிலிருந்தா, என்ன உயரம் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் சொன்னேன். என் தோளுக்கு ஒரு விரல்கடை குறைவு என்று உன் உயரத்தைக்கூடச் சொன்னேன். பெண்டாட்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஆளா என்று அந்த அம்மா நினைத்திருப்பார். நானே அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம், நீ எந்தக் கையால் வீசுவாய் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, "எல்லாரும் வீசற கையாலதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரீலின் கைப்பிடியை எந்தப் பக்கம் மாட்டிக் கொடுப்பது என்று தெரிய வேண்டும் என்றார். வீசுகிற கையிலேயே கோல் இருக்க வேண்டும், மற்றக் கை சுற்ற வேண்டும். வலது கையால் வீசுகிறவருக்குப் பிடி இடது பக்கம், இடது கையால் வீசுகிறவருக்கு வலது பக்கம். இது எனக்குத் தெரியாதா? மெக்கானிக்குக்கே பாடமா என்று சுருக்கென்றது. ஆனால் முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், எந்தக் கை என்று சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா ஒரு வெறுங்கோலை எடுத்து என்னிடம் நீட்டினார். "கண்ணை மூடிக்குங்க. அவங்க எப்படி வீசுவாங்களோ அப்படி வீசிக் காட்டுங்க" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது, பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஆனாலும் மூடினேன். உன் பழைய தொப்பி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நாணலைப் பார்க்கிற பார்வை, எல்லாம் வந்தது. வீசினேன். கண்ணைத் திறந்தால் கோல் என் இடது கையில் இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. வீசிய வேகத்திலேயே கோலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையால் பிடியைத் தேடித் துழாவினேன். நீ ஒவ்வொரு வீச்சுக்கும் செய்வாயே, அதேதான். "என்ன வித்தை காட்டறியா" என்று நான் கேலி பண்ணுவேனே, அதேதான்.

அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, ஒவ்வொரு தரமும் இப்படியா மாத்திக்கிறாங்க? பாஸ் மீன் இரை விழுந்த கையோட கவ்விடுமே. அந்த நேரம் பாத்து கோல் ரெண்டு கையிலயும் இல்லாம இருக்குமே" என்றார். நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் ரீலை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். பிடி இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் அதற்கான துளையை ஒரு சின்னத் திருகுமூடி மறைத்திருக்கிறது. அந்த மூடியின் வெட்டு தேய்ந்து மழுங்கிப்போயிருக்கிறது. நாணயத்தை வைத்துத் திருகிய தடம், ஒன்றன்மேல் ஒன்றாக. வேறு யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. நான் நாள் முழுக்கத் திருகாணி பார்க்கிறவன். ஒரு தடவை இரண்டு தடவை திறந்த மூடி இல்லை அது. என் ரீலின் மூடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சனிக்கிழமை சாயங்காலமானால் இரண்டு ரீலையும் கழற்றி எண்ணெய் போடுவேன். திரும்ப மாட்டும்போது இரண்டிலும் பிடியை இடது பக்கம் மாட்டுவேன். உன்னுடையது வலது பக்கம் இருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். கடைக்காரன் தப்பாக மாட்டிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துச் சரி பண்ணினேன். அடுத்த வாரமும் அப்படி இருந்தது, அதையும் சரி பண்ணினேன். நீ ஞாயிற்றுக்கிழமை மாற்றுவாய், நான் சனிக்கிழமை மாற்றுவேன். ஒரு தடவை நீ ஏதோ சொல்ல வந்தாய். "ஒழுங்கா இருக்கறதைப் போட்டு நோண்டாதே" என்றேன். அப்புறம் ஏதோ ஒரு வருடம் நீ மாற்றுவதை விட்டுவிட்டாய். எந்த வருடம் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே.

ஆலையில் பன்னிரண்டாவது வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். இடதுகைக்காரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அவள் கேட்காமலேயே, நூல் வெட்டுகிற கத்திரியை இடது பக்கம் மாற்றி மாட்டிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் என்னைப் பாராட்டினார். அதை வீட்டில் வந்து உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே தட்டில் பரிமாறினாய். வலது கையால்தான். நீ வந்த புதிதில் என் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள் என்று வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் வலது கையைப் பழக்கிக்கொண்டாய் அல்லவா? நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயே திறக்கவில்லை.

போன கடிதத்தில் படகில் ஏதோ சொன்னேன் என்று மழுப்பி எழுதியிருந்தேன். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். "கை இருந்தும் விளங்காதவ" என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்த மீன் போனதும் என்னால்தான், நரம்பால் இல்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


வியாழக்கிழமை

அன்புள்ளவளுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. குறை சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

நேற்றுச் சகலை போன் செய்தார். நீ அங்கே நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயாம். பக்கத்திலேயே தனியாக ஓர் அறையும் பார்த்துவிட்டாயாம். அவருக்கு என்னிடம் இதைச் சொல்ல என்ன பாடோ, பாவம், மனுஷர் நாலு தடவை இருமினார். அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிழக்குப் பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் ஒரு சின்ன ஏரி தெரியும், அதில் பாஸ் மீன் உண்டு என்றார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். அதில் கோல் இரண்டு துண்டாக இருக்கிறது, சேர்த்துத் திருகிக்கொள். பின்னல் நரம்பைக் கடைக்கார அம்மாவே சுற்றிக் கொடுத்தார். நுனிக்குக் கண்ணாடி நரம்பு தனிச் சுருளாக வைத்திருக்கிறேன். முடிச்சு நான் போடவில்லை. இரையிலும் நான் முடிவு பண்ணவில்லை. புழு, தகடு, தவளை மூன்றிலும் ஒவ்வொன்று இருக்கிறது. உன் ஏரித் தண்ணீர் எப்படி என்று எனக்குத் தெரியாது. பிடிக்காததைத் தூக்கிப் போடு.

ரீலைப் பார்த்து, கைப்பிடி எங்கே என்று தேடாதே. கைப்பிடியும் அந்தச் சின்ன மூடியும் ஒரு காகித உறையில் தனியாக இருக்கின்றன. மாட்டியே அனுப்பலாமே என்று கடைக்கார அம்மா கேட்டார். வலது பக்கம் என்று எனக்கு இப்போது தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டவும் மாட்டினேன். சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்புறம் கழற்றிவிட்டேன். இந்தத் தடவையும் நானேவா மாட்டுவது?

இது உன்னைத் திரும்பக் கூப்பிடுவதற்கான லஞ்சம் இல்லை. நம்பினால் நம்பு. அந்த ஏரியில் நீ தனியாகவே வீசலாம். வீசின கையில் கோல் அப்படியே இருக்கட்டும், இரை விழுந்த உடனே மீன் கவ்வட்டும், அது உன் கைக்குத் தெரியட்டும். அதுதான் எனக்கு வேண்டும். இல்லை, பொய் சொல்கிறேன். நீ வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. இந்த வீட்டில் உட்கார முடியவில்லை. சொட்டுகிற குழாயைக்கூட நேற்றுச் சரி பண்ணிவிட்டேன். பண்ணியிருக்கக் கூடாது.

முதல் கடிதத்தில் ஞாயிறு வண்டிக்கு வந்து சேர் என்று உத்தரவு போட்டிருந்தேன். அதை இப்போது மாற்றிக் கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வரலாமா? என் கோலை எடுத்து வரமாட்டேன். பேச வேண்டாம் என்றால் பேசவும் மாட்டேன். கரையில் ஓரமாக உட்கார்ந்து, நீ வீசுவதை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிட்டுச் சாயங்கால வண்டிக்குத் திரும்பிவிடுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நான்