சப்பரம் தூக்கும் சவரிமுத்துகள்

நவம்பர் 24, திங்கள்

காலையில் பனி. தங்கப் பாறை இடிக்கும் மில் சத்தம் கேட்கிறது, மில் தெரியவில்லை. முதல் ஷிப்டு. கீழே சுரங்கக் கூரைக்கு முட்டுக்கொடுக்க வந்த மரம் எல்லாம் ஈரம். பாதியைத் திருப்பி அனுப்பினோம்.

மேலே வந்ததும் ஆள் பிடிக்கிற ஏஜெண்டு பிடித்துக்கொண்டான். வடக்கே நிஜாம் சீமையில் புதுச் சுரங்கமாம். முட்டுக்கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். என்னை மேஸ்திரியாகவே எடுத்துக்கொள்வானாம். "திருநாளுக்கு மறுநாள் வந்து சொல்லு. அதுக்குமேல நிக்கமாட்டேன்."

மேஸ்திரி! உள்ளுக்குள் குளிர்ந்தது. இங்கே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்.

ஆரோக்கியத்திடம் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பு நின்றது. "அவனை யாரு பாப்பாங்க?" அவ்வளவுதான். மறுபடி கிண்டினாள்.

அவன் என்றால் எங்கள் மகன். போன வருஷம் திருநாளன்று பிறந்தான் என்று சாமியார் சவரிமுத்து என்று என் பெயரையே வைத்தார். தவக்காலம் வருமுன் போய்விட்டான். கல்லறையில் வேலியோரம் கிடக்கிறான். ஞாயிறு தவறாமல் மெழுகுவத்தி கொண்டுபோகிறாள் இவள். வயிற்றில் இப்போது ஐந்தாம் மாதம்.

நவ. 25, செவ்வாய்

வெயில். வலது தோளில் பழைய வலி. திருநாள் வருகிறது என்று தோளுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் கோவிலில் இது வழக்கம். எந்தப் புனிதரின் திருநாளோ, அந்த அர்ச்சியசிஷ்டவரின் சப்பரத்தை அவர் பெயர் உள்ளவர்கள்தான் தூக்க வேண்டும். எங்கள் கூலி லைன் வீடுகளில் நாங்கள் நாலு சவரிமுத்து:

நெட்டை – ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் மணி அடிப்பவன். முன்கம்பு.
பெரியவர் – பாறையில் துளை போட்டவர். இருமல் வந்து வேலை போய், இப்போது ஆண்டர்சன்பேட்டையில் வெற்றிலைக் கடை. முன்கம்பு.
குசினி – துரை பங்களாவில் சமையல். குள்ளம். பின்கம்பு.
நான் – டிம்பர், முட்டுக்கொடுக்கிற வேலை. பின்கம்பு.

குசினியின் குள்ளத்துக்கு ஈடுகட்ட அவன் தோளில் சாக்கு மடித்து வைக்கிறோம். அப்படியும் ஒவ்வொரு வருஷமும் அர்ச்சியசிஷ்டவர் அவன் பக்கம் சாய்ந்தபடிதான் ஊர்வலம் போகிறார்.

நவ. 26, புதன்

கோவிலில் சப்பரம் துடைத்தோம். குசினியிடம் விஷயத்தைச் சொன்னேன். நம் ஊரில் ஞானிகளுக்கா பஞ்சம்.

"இக்கரைக்கு அக்கரை பச்சைப்பா. நான் துரை சாப்பாட்ட ருசி பாத்துப் பாத்து, என் ஊட்டுக் கொழம்பு இப்ப வாயில வைக்க முடியல. மேல ஏறினா கீழ ருசி போயிடும். போவாத."

சொல்லிவிட்டு, பங்களாவிலிருந்து கொண்டுவந்த கேக்கை எடுத்துத் தின்றான். எனக்கு ஒரு விள்ளல்.

நவ. 28, வெள்ளி

மாமிசம் இல்லாத நாள். கருவாடு வாசனை லைன் பூராவும்.

கேஜுக்கு நிற்கும்போது நெட்டையைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"நான் ஆள் ஏறினப்புறந்தான் மணி அடிப்பேன். ஏறலாமா வாணாமான்னு நிக்கிறவனுக்கு மணி கெடையாது. இன்னா சொல்ற, ஏறிக்கிறியா?"

ஏறிக்கொண்டேன். கேஜில்தான்.

ஆரோக்கியம் களியை வைத்துவிட்டுக் கோழியைப் பார்க்கப் போய்விட்டாள். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். கறுப்புக் கோழி அடை காக்கிறது.

நவ. 30, ஞாயிறு

பூசை முடிந்து அவள் கல்லறைக்குப் போனாள். நானும் போனேன். நல்ல காற்று. மெழுகுவத்தி அணைந்து அணைந்து போயிற்று. உடைந்த பானை ஒன்றைக் காற்றுக்கு மறைப்பாகச் சாய்த்து வைத்திருக்கிறாள். அந்தப் பானை நம் வீட்டில் எப்போது உடைந்தது என்றே எனக்குத் தெரியாது.

வருகிற வழியில் பெரியவர் கடை. அவள் முன்னால் நடந்துவிட்டாள். நான் நின்று எல்லாம் சொன்னேன். குசினி சொன்னது, நெட்டை சொன்னது, ஆரோக்கியம் கேட்ட கேள்வி. இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஆசப்பட்டது தப்புன்னு சொல்லமாட்டேன் நைனா. நானும் மேஸ்திரியாவணும்னு துள போட்டவன்தான். இருமல் வந்தப்புறமும் உடாம போட்டேன் பாரு, அதான் தப்பு. மூச்சு கீறப்பவே போய்டு." வெற்றிலையைத் தண்ணீரில் நனைத்தார். "அது கேட்டது வேற கேள்வி. அதுக்கு நீ பதில் வெச்சிகினு கீறியா?"

இல்லை என்றேன்.

ஒரே பெயர், ஒரே கோவில். புத்தி மட்டும் ஆளுக்கொன்று.

டிச. 2, செவ்வாய்

தூறல். போகவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளையை வேலியோரம் தனியாக விட்டுவிட்டு வா என்று ஆரோக்கியத்திடம் எந்த வாயால் சொல்வது? நாளன்றைக்கு ஏஜெண்டிடம் சொல்லிவிடலாம். துக்கமாகத்தான் இருக்கிறது. சாக்கு மடித்தாயிற்று. வேட்டி துவைத்தாயிற்று.

டிச. 3, புதன். திருநாள்.

மழை விட்டது. பாட்டுப் பூசை. பிறகு சப்பரம்.

எப்போதும் லைனைச் சுற்றிக் கிணற்றடியில் வலப்பக்கம் திரும்பிக் கோவிலுக்கு வருவோம். இன்று கிணற்றடியில் சப்பரம் இடப்பக்கம் திரும்பியது. பின்கம்புக்காரன் நான். முன்னால் போகிறவன் திரும்பினால் நானும் திரும்ப வேண்டியதுதான். குசினியைப் பார்த்தேன். அவன் நேரே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்குத் தெரியும்!

உபதேசியார் ஓடிவந்தார். "இன்னாபா, வழி தப்பிப் போறீங்க?"

"தப்பலீங்க" என்றார் பெரியவர், மூச்சு வாங்கிக்கொண்டு. "இவரு பேருக்காரன் இன்னொருத்தன் இங்க கீறான். பாத்துட்டுத்தான் போவணும்."

உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் சப்பரத்துக்குப் பின்னால் நடந்து வந்தார்.

கல்லறையில் மகன் கிடக்கும் வேலியோரம் நின்றோம். இறக்கவில்லை. நெட்டை ஒரு கையால் சப்பரத்து மெழுகுவத்தி ஒன்றை உருவி ஆரோக்கியத்திடம் நீட்டினான். அவள் வாங்கிப் பானைக்குள் வைத்தாள். ஊர் முழுக்க நின்றது. அவள் அழுதாள். நானும் அழுதேன், தோளில் கம்பு இருந்ததால் துடைக்க முடியவில்லை.

"வருசா வருசம் இப்டித்தாம்மா வருவோம்" என்றார் பெரியவர். "உன் ஊட்டுக்காரன் இங்க இருந்தாலும் இல்லாங்காட்டியும்."

கோவிலில் இறக்கி வைத்ததும் குசினியைக் கேட்டேன், "போவாதன்னு சொன்னியே?"

"இப்பவும் அதான் சொல்றேன். அதுக்காவ புள்ளய உட்ருவமா?"

டிச. 4, வியாழன்

வெயில். தோள் வீங்கியிருக்கிறது. கறுப்புக் கோழி முட்டையில் ஒன்று கூமுட்டை.

ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஆரோக்கியம் கேட்டாள், துடுப்பைக் கையில் வைத்தபடி. "அங்க கேவுரு கெடைக்குமா?"

சோளம்தான் என்கிறார்கள் என்றேன்.

"சோளத்துலயும் களி கிண்டலாம்."