சுவரோரத்துப் பொன்னாங்கண்ணி

என் செல்விக்கு,

நீ போய் எட்டு மாசம் ஆகுது. நம்ம வீட்டுப் பின்பக்கத்தில் நான் தோட்டம் போட்டேன் என்றால் நம்புவாயா? துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவனுக்கு, ஒரு கீரை விதையை எவ்வளவு ஆழத்தில் போடணும் என்றுகூடத் தெரியாது.

நம்ம பொண்ணு ரேவதி பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாசம். ரத்தம் கம்மி, கீரை நிறையச் சாப்பிடணும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடைக் கீரையை எந்தத் தண்ணியில் வளர்க்கிறானோ என்று பயந்துதான் நானே மண்வெட்டியை எடுத்தேன்.

அந்த இடம் உனக்குத் தெரியாததா? கிழக்கே குடோன் சுவர், மேற்கே பக்கத்து மாடி வீடு. உச்சி வேளையில் அரை மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தால் உண்டு. கீழே களிமண். மழை விட்ட மறுநாளே கொத்தினேன். கட்டி கட்டியாகக் காய்ந்து செங்கல்லாகிவிட்டது. இளகட்டும் என்று கடல் மணலை அள்ளிப் போட்டேன். உப்பில் கொத்தமல்லி கருகியது.

எதிர்வீட்டு தனம், மீன் விற்கிறாளே, அவள் பார்த்துச் சிரித்தாள். "இன்னாண்ணே, ஈர மண்ணப் போய் கொத்திக்கினு கீற? காயட்டும் வுடு. சருகு போடு, மீன் கழிவு போடு, மேடு கட்டு. நெழலுக்கு சேம்பு வை, பொன்னாங்கண்ணி வை. வெயில் கேக்குறத வெச்சா எப்டி வரும்?"

தண்டும் அவளே ஒடித்துக் கொடுத்தாள். பொன்னாங்கண்ணி பிடித்துக்கொண்டது. நான் நட்டு ஒன்று தழைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? மூன்று வாரம் ரேவதிக்குப் பொரியல், கூட்டு எல்லாம் அதுதான்.

போன வாரம், சுவரோரம் நான் நட்டிருந்த சேம்பின் இலைகள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தன. தண்ணி தேங்குதோ என்று வடிகால் வெட்டினேன். முழங்கால் ஆழத்தில் மண் கரும்பச்சையாக மாறியது. மழையே இல்லை, குடோன் சுவர்ப் பக்கத்திலிருந்து குழிக்குள் தண்ணி ஊறியது. மேலே எண்ணெய்ப் படலம். குனிந்தேன். மண்ணெண்ணெய் வாடை.

குழிக்கும் நம்ம கைப்பம்புக்கும் எட்டு அடிகூட இருக்காது, செல்வி.

லாரித் தண்ணியை எனக்கும் ரேவதிக்கும் மூடி வைத்துவிட்டு, நீ பம்புத் தண்ணியையே குடித்தாயாமே? ரேவதி இப்போதுதான் சொன்னாள். எந்தத் தண்ணி குடிக்கிறாங்க என்று கிட்னி டாக்டர் கேட்டபோது, லாரித் தண்ணிதான் என்றேன். நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். ஏன் சொல்லவில்லை? பக்கத்திலேயே இருந்த நான் ஏன் பார்க்கவில்லை? அந்தத் தண்ணிதான் உன்னைக் கொண்டுபோனதா? யாரைக் கேட்பேன்?

கீரையை எல்லாம் வேரோடு பிடுங்கினேன். ரேவதி வாசற்படியில் நின்று பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இத்தினி நாளா துன்னுகினு இருந்தேனே நைனா" என்றாள்.

குடோனுக்குப் போய்க் கேட்டேன். யாரும் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் பக்கத்துச் சுவரடியில் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் முன்பின் தெரியாத ரெண்டு பேர் நம்ம வாசலுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "பெரியவரே, பொண்ணு மாசமா கீறாளாமே. இந்த நேரத்துல எதுக்கு மண்ணக் கிளறிக்கினு?"

அவள் மாசமாக இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

ரேவதியை அவள் புருஷன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தனம் வீட்டுப் பம்பிலும் அதே படலம். தெருவில் ஏழு வீட்டில், யாரும் அடிக்காமல் இருக்க, பம்பைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். குழித் தண்ணியைப் பாட்டிலில் பிடித்து அரசாங்க ஆபீஸில் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. குழியில் மட்டும் தண்ணி ஒவ்வொரு காலையும் ஒரு விரல் அளவு ஏறுகிறது.

நாளைக் காலையில் நானும் தனமும் அந்தக் குழியைச் சுவரின் அஸ்திவாரம் வரைக்கும் தோண்டப் போகிறோம். தெருவையே கூப்பிட்டிருக்கிறோம். அடியில் எது இருந்தாலும் சரி, யார் வந்து நின்றாலும் சரி, அதை மண் போட்டு மூட விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
ரேவதியின் நைனா