தூக்கத்தில் மூச்சு நின்ற என் அக்காவுக்கு

என் பிரியமுள்ள செல்வி அக்கா,

"கொடுத்து வச்சவ, தூக்கத்துலயே போயிட்டா." உன்னைக் கிடத்தியிருந்த வாசலில் வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். மாமாவும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. நிம்மதியாகத் தூங்கியவள் முகமா அது?

எத்தனை வருஷமாக நீ தலைவலியோடு எழுந்தாய் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா? ராத்திரி முழுக்கப் படுத்திருந்தும், உப்பளத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறியதுமே உனக்குக் கண் சொருகிவிடும். உப்பு வாருகிற வேலைக்கு நடுவில் வரப்பில் உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுவாய். மேஸ்திரி உனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தான். "ஏம்மா, வூட்ல ராத்திரில என்னாதான் பண்ற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். கூட இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாயாம். வேறென்ன செய்வாய்?

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? உன் குறட்டை தாங்கவில்லை என்று மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் படுக்கப் போய்விடுவார். உன் மகள் ரேவதி அப்போது சென்னையில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். நீ எப்படித் திணறுகிறாய் என்று பார்க்கப் பக்கத்தில் ஆளே இல்லை.

பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தாரே அந்த டாக்டர், அவரும் கேட்கவில்லை. "உப்பைக் குறைக்கணுமாம்டி. உப்புலயே நிக்கறவகிட்ட சொல்றாரு" என்று போனில் சொல்லிச் சிரித்தாய். அப்புறம் சுகரும் வந்தது. அதற்கும் மாத்திரைதான்.

பெருமுக்கல் ஊரில் நடந்த காதுகுத்து ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டுவிட்டு மண்டபத்து மூலையில் நீ கண்ணயர்ந்ததை மாமாவின் தம்பி வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். முதலில் குறட்டை. திடீரென்று சத்தமே இல்லை. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது, மூச்சு மட்டும் வரவில்லை. "வண்டி ஆஃப் ஆயிடுச்சுடோய்!" என்று ஒரு குரல், கூடவே சிரிப்பு. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி நீ மூச்சை இழுக்கிறாய். கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அதை எடுத்துவிடு என்று நான் எழுதினேன். சும்மா தமாஷுக்குதானே என்று பதில் போட்டான்.

நீ போன பிறகு உன் மகள் வானூரில் என் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் குறட்டை, காலையில் தலைவலி. மாதவிலக்கும் தாறுமாறு. பயந்துபோய்ப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா, "வீட்ல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டாள். போனில் இருந்த அந்த வீடியோவைக் காட்டினேன். கடைசிவரை பார்த்தாள். சிரிக்கவில்லை. "இவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றாள்.

தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளுமாம் அக்கா. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடுமாம். உயிருக்கு ஆபத்து என்று உடம்பு அட்ரினலின் மாதிரி ஹார்மோன்களைக் கொட்டுமாம். பிரஷர் எகிறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு திரும்பி வந்ததும் அடங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடைக்கும். விடிய விடிய இதேதான்.

"படுத்துட்டே ஓடற மாதிரிம்மா" என்றாள். "நாளாக நாளாகப் பகல்லயும் பிரஷர் இறங்காது, சுகர் கெடும், ஹார்ட் பாதிக்கும்."

"அப்ப எங்க அக்கா இதாலதான் செத்தாளா?"

"டெஸ்ட் பண்ணாம உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா யாராவது கேட்டிருக்கணும்."

ராத்திரி எப்படித் தூங்குகிறாய்? இவ்வளவுதானே அக்கா கேள்வி? உன்னைக் கேலி செய்த ஒருத்தனுக்கும், மருந்து எழுதிய ஒருத்தருக்கும், தாலி கட்டிய ஒருத்தருக்கும் இதைக் கேட்க வாய் வரவில்லையே!

ரேவதிக்கு டெஸ்ட் எடுத்தார்கள். அதேதான். முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்றைத் தள்ளுகிற மிஷினோடு தூங்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சமயம் பார்த்துத் திண்டிவனத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மிஷின் பேச்சையே எடுக்காத. கொறட்ட வுடற பொண்ணுன்னா எவன் கட்டுவான்?" என்றார்.

நான் மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன். "எங்க பொண்ணுக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதுங்க. மிஷின் போட்டுதான் தூங்குவா." காபியை வைத்துவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று எழுந்து போனார்கள். இதுவரை போன் வரவில்லை. மாமாவும் என்னோடு பேசுவதில்லை. பேசவேண்டாம்.

"அம்மாவப் பாத்துச் சிரிச்ச மாதிரி என்னையும் சிரிப்பாங்களா சித்தி?" என்று ரேவதி கேட்டாள். இப்போது மிஷினோடு சத்தமில்லாமல் தூங்குகிறாள். தலைவலி இல்லாமல் எழுந்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம் வரவேண்டாமா? வயிறுதான் எரிகிறது. யாராவது கேட்டிருந்தால் நீயும் இப்படி எழுந்திருப்பாயே!

புயல் மழை வந்தால் நம் பக்கம் கரண்ட் போய்விடும். அந்த மிஷினும் நின்றுவிடும். அப்போதெல்லாம் நான் கண்ணைக் கொட்டாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மூச்சு நின்றால் தட்டி எழுப்புவேன். இது சத்தியம் அக்கா.

உன் மகளுக்குக் காவலிருக்கும்
உன் தங்கச்சி,
மல்லிகா